ஜூரிக்குச் சோறு போடுவது யார்?

2013-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஜார்ஜ் சிம்மர்மன் மீதான கொலை வழக்கு முடிந்த கொஞ்ச நாளில் ஒரு செலவுக் கணக்கு வெளியே வந்தது. ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கு அது. நாடே இரண்டுபட்டுக் கிடந்தது. தீர்ப்பு சொல்ல வேண்டிய ஆறு பெண்களையும், அவர்களுக்கு மாற்றாக வைத்திருந்தவர்களையும் 22 நாள் ஓட்டலிலேயே தங்கவைத்திருந்தார்கள். செலவு ஏறக்குறைய 33,000 டாலர். அறை வாடகை, சாப்பாடு என்று மட்டும் இருந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பௌலிங் விளையாட்டு, சினிமா, ஜூலை 4 வாணவேடிக்கை, நகத்துக்குச் சாயம் பூசும் கடை வரைக்கும் பட்டியலில் இருந்தது.

நம் ஊர் டீக்கடையில் இந்தச் செய்தியைப் படித்திருந்தால், "கொலை வழக்குக்குப் போனாங்களா, குற்றாலம் சீசனுக்குப் போனாங்களா?" என்று கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குற்ற வழக்கில் ஜூரியின் சோற்றுக்கும் படுக்கைக்கும் யார் பணம் கட்டுவது என்ற சங்கதிக்குப் பின்னால் சில நூறு வருடக் கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் அந்தப் பட்டியல் அவ்வளவு அபத்தமாகத் தெரியாது.

முதலில் ஜூரி என்றால் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சட்டம் படிக்காத சாதாரண ஊர்க்காரர்கள் சிலரைப் பொறுக்கி எடுத்து, சத்தியம் வாங்கி, நீதிமன்றத்தில் ஓரமாக உட்காரவைப்பார்கள். எல்லோரும் சேர்ந்தால் ஜூரி, தனி ஆள் ஜூரர். இங்கிலாந்திலும் அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களிலும் பன்னிரண்டு பேர். மரண தண்டனை இல்லாத வழக்குகளுக்கு ஃப்ளோரிடாவில் ஆறு பேர் போதும். சாட்சிகளைக் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்வது இவர்கள் வேலை. சட்டத்தை விளக்குவதும் தண்டனை விதிப்பதும் பெரும்பாலும் நீதிபதியின் வேலை.

இந்த முறை நமக்கும் அந்நியமில்லை. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் 1945-ல் குற்றவாளிகள் என்று சொன்னது சென்னை உயர் நீதிமன்றத்தின் ஜூரிதான். ஒன்பது பேரில் ஆறு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். வழக்கு லண்டன் ப்ரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, 1947-ல்தான் இருவரும் வெளியே வந்தார்கள். 1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கில் ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 'குற்றவாளி இல்லை' என்றதும், அதை ஏற்க முடியாமல் நீதிபதி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியதும் பிரசித்தம். 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு இந்தியாவில் ஜூரிக்கு வேலை இல்லாமல் போயிற்று. இலங்கையில் அது போய்விடவில்லை. அங்கே ஏழு பேர். நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட ஐவரையும் விடுவித்த சிங்கள மொழி ஜூரியின் தீர்ப்பு, 2016 டிசம்பர் 24-ஆம் தேதி பிறந்த பிறகு, நள்ளிரவு தாண்டித்தான் வந்தது.

நள்ளிரவு வரை ஏழு பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றால் அவர்களுக்குப் பசிக்கும். நம் கதை அந்தப் பசியில்தான் ஆரம்பிக்கிறது.

பழைய இங்கிலாந்துச் சட்டம் இந்தப் பசியை ஓர் ஆயுதமாகவே வைத்திருந்தது. விசாரணை முடிந்து ஜூரி ஆலோசனைக்குப் போய்விட்டால், பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வரும்வரை உணவில்லை, பானமில்லை, குளிருக்கு நெருப்பில்லை, வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி இல்லை. நீதிபதி மனமிரங்கி அனுமதித்தால்தான் உண்டு. குடித்துவிட்டு உளறக் கூடாது, சும்மா இழுத்தடிக்கக் கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணம். அந்தக் காலத்தில் நீதிபதிகள் ஊர் ஊராகச் சுற்றி வழக்கு விசாரிப்பார்கள். ஜூரி முடிவுக்கு வருவதற்குள் நீதிபதி அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தால், ஜூரியை ஒரு வண்டியில் ஏற்றித் தன் பின்னாலேயே கூட்டிப்போகலாம் என்றுகூட விதி இருந்தது. நினைத்துப் பாருங்கள், பசியோடு, குளிரில், கட்டை வண்டியில் பன்னிரண்டு பேர். அந்த நிலையில் எந்த நியாயத்தை எடைபோட முடியும்?

16-ஆம் நூற்றாண்டு வழக்கு ஒன்றில் ஜூரர் சிலர் பையில் அத்திப்பழமும் ஆப்பிளும் ஒளித்து எடுத்துப் போய்விட்டார்கள். விஷயம் தெரிந்து நீதிமன்றம் சோதித்தது. சாப்பிட்டவர்களுக்கு அபராதம். பையில் வைத்திருந்து சாப்பிடாதவர்களுக்கும் அபராதம் உண்டு, கொஞ்சம் குறைவாக. பரீட்சைக்கு பிட்டு எடுத்துப் போனவனைப் பிடித்த மாதிரிதான்.

இந்தப் பட்டினி எவ்வளவு தூரம் போகும் என்பதை 1670-ல் லண்டன் பார்த்தது. வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இரண்டு பேர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள், தெருவில் பிரசங்கம் செய்ததற்காக நீதிமன்றத்தில் நின்றார்கள். பிற்பாடு பென்சில்வேனியாவை நிறுவியவர் இதே பென்தான். தண்டனை கொடுத்தே ஆக வேண்டும் என்று மேலிடம் நினைத்தது. ஜூரி மசியவில்லை. உணவு, தண்ணீர், நெருப்பு, புகையிலை எதுவுமில்லாமல் இரண்டு ராத்திரி பூட்டிவைத்தார்கள். அப்போதும் அவர்கள் 'குற்றவாளி இல்லை' என்றே சொன்னார்கள். கடைசியில் ஜூரர் ஒவ்வொருவருக்கும் 40 மார்க் அபராதம் போட்டு, கட்டும்வரை சிறை என்றார்கள். எட்வர்ட் புஷெல் என்ற ஜூரர் கட்ட மறுத்து மேலே போனார். தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி ஜான் வாகன் அறிவித்தார். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஒரு கல்வெட்டு இருக்கிறது.

ஆனால் அந்தப் பட்டினிச் சட்டத்துக்குள்ளேயே நாம் கவனிக்க வேண்டிய ஒரு வரி இருந்தது. நீதிபதியைக் கேட்காமல் ஜூரர் சாப்பிட்டால் அபராதம். அதோடு விஷயம் முடிந்தது, தீர்ப்பு நிற்கும். ஆனால் வழக்கில் ஒரு தரப்பின் காசில் சாப்பிட்டுவிட்டு அந்தத் தரப்புக்கே சாதகமாகத் தீர்ப்புச் சொன்னால், தீர்ப்பே செல்லாது.

இந்த இடத்தை ஒரு தமிழருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். துரியோதனன் பக்கம் நியாயமில்லை என்று தெரிந்தும் கர்ணன் அவனுக்காகச் செத்ததை செஞ்சோற்றுக்கடன் என்று நாம் உருகிப் பாராட்டுகிறோம். போர்க்களத்தில் அது பெருமையாக இருக்கலாம். ஜூரி அறையில் அதுதான் விஷம். சோறு போட்டவன் முகம் நினைவுக்கு வரும் ஜூரரால் சாட்சியை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. அதனால் ஜூரிக்குச் சோறு போடுவது யார் என்பதை வெறும் கணக்கு வழக்காகப் பார்க்க முடியாது. யாருக்கும் செஞ்சோற்றுக்கடன் ஏற்படாத வகையில் பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு போட வேண்டும். அரசாங்கமே கொடுப்பதுதான் வழி என்று இன்று நமக்குச் சட்டென்று தோன்றுகிறது. இங்கிலாந்து அந்த வழிக்கு உடனே வந்துவிடவில்லை.

1870-ல் அங்கே ஜூரிச் சட்டம் கொஞ்சம் இளகியது. இனிமேல் நெருப்பு மூட்டிக்கொள்ளலாம், அளவான சிற்றுண்டியும் சாப்பிடலாம், ஆனால் சிற்றுண்டி சொந்தச் செலவில். இதில் இன்னொரு வேடிக்கை, 1974-ல் புதிதாக எழுதிய சட்டத்திலும் அந்த நெருப்பும் சொந்தச் செலவுச் சிற்றுண்டியும் அப்படியே இடம்பெற்றன. மின்சார ஹீட்டர் வந்த பிறகும் ஜூரருக்கு நெருப்பு மூட்டச் சட்டம் அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது.

இப்போது அங்கே ஜூரருக்கு சம்பளம் கிடையாது, செலவுப்படி உண்டு. சாப்பாட்டுக்கு என்று ஒரு நாளைக்கு 5.71 பவுண்டு, பத்து மணி நேரத்துக்கு மேல் போனால் 12.17 பவுண்டு. பல வருடமாக இதே தொகைதான். லண்டனில் அந்தக் காசுக்கு ஒரு சாண்ட்விச்சும் காப்பியும் வாங்கினாலே பெரிய விஷயம். அயர்லாந்தில் வேறு மாதிரி. படி எதுவும் கையில் தருவதில்லை, வேலை கொடுத்த நிறுவனமே அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும், மதியச் சாப்பாட்டை நீதிமன்றமே போட்டுவிடுகிறது. என்னைக் கேட்டால் அயர்லாந்துக்காரர்கள் செய்வது சரி. காசைக் கையில் கொடுத்தால் ஜூரர் வெளியே ஓட்டலைத் தேடிப் போவார். கோர்ட்டுக்குப் பக்கத்து ஓட்டலில் அடுத்த மேஜையில் உட்கார்ந்திருப்பது வக்கீலாகவோ, சாட்சியாகவோ, குற்றஞ்சாட்டப்பட்டவரின் மாமாவாகவோ இருக்கலாம்.

எல்லா வழக்கிலும் ஜூரியை ஓட்டலில் தங்கவைப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான வழக்குகளில் ஜூரர்கள் ஆபீஸ் போகிற மாதிரி காலையில் வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகிறார்கள். "வழக்கைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள், செய்தி பார்க்காதீர்கள்" என்று நீதிபதி தினமும் சொல்லி அனுப்புவார், அவ்வளவுதான். விசாரணை முடிந்து ஆலோசனை ஆரம்பித்ததும் பிடி இறுகும். பகல் முழுக்க ஒரே அறை, வாசலில் காவல், சாப்பாடு உள்ளேயே வரும். கனடாவில் ஆலோசனை தொடங்கிய பிறகு தீர்ப்பு வரும்வரை ஜூரர்கள் வீட்டுக்குப் போகவே முடியாது. அதுவரை அவர்களுக்குப் போதுமான சிற்றுண்டியும் உணவும் தங்குமிடமும் கிடைக்க நீதிபதி உத்தரவிட வேண்டும் என்று அந்நாட்டுக் குற்றவியல் சட்டமே சொல்கிறது. அபூர்வமாகச் சில வழக்குகளில்தான் முதல் நாளிலிருந்தே வீடு, பத்திரிகை, தொலைக்காட்சி எல்லாவற்றையும் துண்டித்து ஓட்டலில் வைப்பார்கள். சிம்மர்மன் வழக்கு இந்த ரகம்.

பிரிட்டிஷ் இந்தியாவிலும் இதற்கு வழி இருந்தது. ஒரு நாளுக்கு மேல் போகும் விசாரணையில் ஜூரியை அதிகாரி ஒருவரின் பொறுப்பில் சேர்த்தே வைத்திருப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதை நீதிபதி முடிவுசெய்யலாம் என்று 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அதன் தலைப்பே 'ஜூரியைப் பூட்டிவைத்தல்' என்பதுதான்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால் தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர் யாரையாவது கேளுங்கள். முதல் நாள் ராத்திரியே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெஞ்சை இழுத்துப் போட்டுப் படுக்க வேண்டும். உள்ளூர் கட்சிக்காரர் பாசமாக இட்லி கட்டிக்கொண்டு வருவார். வாங்கக் கூடாது. பசித்தாலும் அரசு தரும் படிக்காசில் சொந்தமாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அந்த இட்லியில் கெட்ட எண்ணம் இருக்கிறதா இல்லையா என்று யாரும் ஆராய்வதில்லை. வாங்கவே கூடாது என்பதுதான் விதி. ஜூரி விஷயமும் இதேதான்.

அமெரிக்காவுக்கு வருவோம், இந்தச் செலவு பெரிதாகத் தெரிவது அங்கேதான். மத்திய அரசின் நீதிமன்றங்களில் ஜூரருக்கு ஒரு நாளைக்கு 50 டாலர் படி. 2018-க்கு முன் 40. வழக்கு பத்து நாளைத் தாண்டினால் நீதிபதி அதை 60 வரை உயர்த்தலாம். வெளியூரிலிருந்து வந்து இரவு தங்க வேண்டியவர்களுக்குத் தனியாக உணவு, தங்கும் படி. ஆனால் ஜூரியைப் பிரியவிடாமல் சேர்த்து வைக்கும்படி உத்தரவு போட்டுவிட்டால் இந்த உணவு, தங்கும் படிக் கணக்கு கிடையாது, ஆகிற உண்மையான செலவு முழுவதையும் நீதிமன்றம் ஏற்கிறது. சாப்பாடு, தங்குமிடம், அதற்கு மேல் ஜூரர்களின் வசதிக்காக நீதிபதி அவசியம் என்று கருதும் மற்றச் செலவுகளும் இதில் சேரும் என்று சட்டத்தில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். மாநில நீதிமன்றங்களில் தொகையும் விதியும் இடத்துக்கு இடம் மாறும். பணம் மாநிலத்தினுடையதா, உள்ளூர் கவுண்டியினுடையதா என்பதும் மாறும்.

வசதி என்ற சொல்லைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். 1995-ல் லாஸ் ஏஞ்சலஸில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட விளையாட்டு நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கின் ஜூரி 265 நாள் ஓட்டலில் இருந்தது. நல்ல ஓட்டல்தான். ஆனால் அறையில் டிவி இல்லை, போன் இல்லை. வீட்டுக்குப் பேசும்போது பக்கத்தில் காவலர் உட்கார்ந்திருப்பார். கணவனோ மனைவியோ வந்து பார்க்க வாரத்தில் குறிப்பிட்ட சில மணி நேரம். இதற்கெல்லாம் சேர்த்துக் கிடைத்த தினப்படி 5 டாலர். ஏப்ரலில், தங்களைக் கவனித்துக்கொண்ட காவலர்கள் மூன்று பேரை நீதிபதி மாற்றியதும் ஜூரர்களில் பலர் கோபப்பட்டு, கோர்ட்டுக்கு வர மறுத்து, கடைசியில் கறுப்பு உடை போட்டுக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு ஜூரர், பன்னிரண்டு மாற்று என்று ஆரம்பித்த வழக்கில் பத்துப் பேர் வழியிலேயே நீக்கப்பட்டார்கள். எட்டு மாதத்துக்கு மேல் அடைந்து கிடந்தவர்கள், ஆலோசனைக்கு எடுத்துக்கொண்டது நாலு மணி நேரத்துக்கும் குறைவு. வீட்டுக்குப் போகிற அவசரம் அதில் எவ்வளவு என்று அப்போதே பலர் கேட்டார்கள். பழைய இங்கிலாந்தின் பட்டினிக்கும் இந்த ஓட்டல் சிறைக்கும் அந்த ஒரு விஷயத்தில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. சிம்மர்மன் ஜூரிக்கு பௌலிங் ஏன் என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. மனம் புழுங்கிப்போன ஆளிடம் நிதானமான தீர்ப்பை எதிர்பார்க்க முடியாது.

சிம்ப்சன் வழக்குக்குக் கால் நூற்றாண்டு முன்னால் அதே லாஸ் ஏஞ்சலஸில், தன் கும்பலை ஏவிக் கொலைகள் செய்யவைத்த சார்ல்ஸ் மேன்சன் மீதான வழக்கு. அந்த ஜூரி 225 நாள் அம்பாசடர் ஓட்டலில் இருந்தது. 1968-ல் ராபர்ட் கென்னடி சுடப்பட்ட அதே ஓட்டல். கடை வாசலில் தொங்கும் பத்திரிகைத் தலைப்புகூடக் கண்ணில் படக் கூடாது என்று ஜூரி போகும் பஸ்ஸின் கண்ணாடிகளை மறைத்திருந்தார்கள். 1970 ஆகஸ்டில், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அதிபர் நிக்சன் மேன்சனைக் குற்றவாளி என்கிற மாதிரி பேசிவிட்டார். அது தலைப்புச் செய்தியாயிற்று. அந்தப் பத்திரிகையை மேன்சனே கோர்ட்டுக்குள் தூக்கிப் பிடித்து ஜூரிக்குக் காட்டினார்! எத்தனை ஓட்டல் அறை, எத்தனை வேளைச் சாப்பாடு, எத்தனை காவலர் செலவு செய்து காத்த ரகசியம்.

அரசாங்கமே கொடுத்தால் செஞ்சோற்றுக்கடன் பிரச்சினை தீர்ந்தது என்று முடித்துவிட முடிந்தால் நன்றாக இருக்கும். குற்ற வழக்கில் ஒரு தரப்பே அரசாங்கம்தானே? வழக்குப் போடுவதும் அரசு, ஜூரிக்குச் சோறு போடுவதும் அரசு. பணம் ஒரே கஜானாவிலிருந்து வந்தாலும், பரிமாறுகிற கை வழக்கு நடத்துகிற கையாக இருக்கக் கூடாது. இதைப் புரிந்துகொள்ள லூசியானா மாநிலத்து வழக்கு ஒன்றைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

டர்னர் என்பவர் மீது கொலைக் குற்றச்சாட்டு. மூன்று நாள் விசாரணை. ஜூரியைச் சேர்த்தே வைத்திருந்தார்கள், பொறுப்பு ஷெரிஃபின், அதாவது உள்ளூர்க் காவல் தலைவரின், உதவியாளர்களிடம். ஒவ்வொரு வேளையும் ஜூரர்களைக் காரில் ஏற்றி உணவகத்துக்குக் கூட்டிப்போவது, கூடவே உட்கார்ந்து சாப்பிடுவது, பேச்சுத் துணையாக இருப்பது, ராத்திரி தங்குமிடத்தில் கொண்டு விடுவது, சின்னச் சின்ன வேலை செய்து கொடுப்பது எல்லாம் அவர்கள்தான். எல்லாம் நல்ல மனிதர் செய்கிற காரியம். சிக்கல் என்னவென்றால், அந்த உதவியாளர்களில் இரண்டு பேர்தான் அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சிகள். காலையில் கூண்டில் ஏறி டர்னருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர், மதியம் அதே ஜூரரோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறார். அவர்கள் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்கள் என்று நிரூபணமாகவில்லை. அது தேவையும் இல்லை என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். மூன்று நாள் கூடவே சாப்பிட்டுப் பழகிய மனிதரின் சொல்லை ஜூரர் நம்புவாரா, மாட்டாரா என்பதில்தான் டர்னரின் உயிரே தொங்கியது. 1965-ல் தண்டனை ரத்தானது.

அடுத்த வருடம் ஆரிகன் மாநிலத்திலிருந்து இன்னொன்று. எட்டு நாள் சேர்த்து வைக்கப்பட்ட ஜூரியைப் பார்த்துக்கொண்ட பெய்லிஃப், அதாவது நீதிமன்றச் சேவகர், வெளியே நடக்கும்போது ஜூரர் ஒருவரிடம் குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பற்றி, அவன் கெட்டவன், குற்றவாளிதான் என்கிற மாதிரி வாய்விட்டிருக்கிறார். நாம் தப்பாகத் தண்டித்தாலும் மேல் நீதிமன்றம் சரிசெய்துகொள்ளும் என்றும் இன்னொரு சமயம் சொல்லியிருக்கிறார். அந்தத் தண்டனையும் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

ஜூரியைத் தங்கவைப்பதே வம்பாகப் போன கதை இங்கிலாந்திலும் உண்டு. 1994-ல் ஒரு இரட்டைக் கொலை வழக்கின் ஜூரி ஆலோசனைக்கு நடுவில் பிரைட்டன் நகர ஓட்டல் ஒன்றில் ராத்திரி தங்கியது. அப்போது நாலு ஜூரர்கள் ஓர் அறையில் கூடி, எழுத்துகளை எழுதி வைத்து, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, செத்துப்போனவரின் ஆவியைக் கூப்பிட்டு, "உங்களைக் கொன்றது யார்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆவியும் பெயரைச் சொன்னதாம்! நாம் பள்ளி விடுதியில் செய்த ஓஜா போர்டு விளையாட்டேதான். மறுநாள் 'குற்றவாளி' என்று தீர்ப்பு. விஷயம் வெளியே வந்தபோது மேல் நீதிமன்றத்துக்கு ஒரு சிக்கல். ஜூரியின் ஆலோசனை ரகசியம். உள்ளே என்ன நடந்தது என்று விசாரிக்கச் சட்டமே தடை. நீதிபதிகள் ஒரு வழி கண்டார்கள். ஆலோசனை என்பது ஜூரி அறையில் நடப்பது, ஓட்டலில் ராத்திரி தங்கியிருந்த நேரம் ஆலோசனை இல்லை, ஆகவே அங்கே நடந்ததை விசாரிக்கலாம் என்றார்கள். மறுவிசாரணை நடந்து, ஆவியின் சாட்சியம் இல்லாமலே அவர் மறுபடி குற்றவாளி என்று ஆனார். அதே 1994-ல் வந்த புதுச் சட்டம், ஆலோசனை நடக்கும் காலத்திலும் ஜூரியை ராத்திரி வீட்டுக்கு அனுப்ப நீதிபதிக்கு அதிகாரம் கொடுத்தது. அத்தோடு அங்கே ஓட்டல் செலவு ஏறக்குறைய நின்றது.

நியூயார்க்கும் இதே பாதையில்தான் வந்தது. அங்கே எந்தக் குற்ற வழக்காக இருந்தாலும், ஆலோசனை தொடங்கி இரவாகிவிட்டால் ஜூரியை ஓட்டலுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று ஒரு காலத்தில் கட்டாயம். சின்னத் திருட்டுக் கேசுக்கும் ஜூரி முழுவதுக்கும் அறை, இரவுச் சாப்பாடு, காவலர்களுக்கு ஓவர்டைம். 1995-ல் கொஞ்சம் தளர்த்தி, 2001-ல் முழுக்க நீதிபதியின் முடிவுக்கு விட்டுவிட்டார்கள். செலவு மிச்சம் என்பது ஒரு காரணம். குழந்தையை யார் பார்ப்பது, மாற்றுத் துணிக்கு என்ன செய்வது என்று தவிக்கும் ஜூரர்களின் கஷ்டம் இன்னொன்று.

குற்றவாளி என்று தீர்ப்பு வந்துவிட்டால் இந்தச் செலவை அவர் தலையிலேயே கட்டலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அப்படி ஒரு வழக்கம் அடியோடு இல்லாமலும் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில், தண்டனை பெற்றவர் ஜூரிக் கட்டணம் என்று ஒரு தொகை கட்ட வேண்டும் என வெகுகாலமாகச் சட்டத்தில் இருக்கிறது. பிற்பாடு ஏழைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அது சாப்பாட்டு பில் இல்லை, நிலையான ஒரு தொகை. எனக்கு அதுகூட உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஜூரி விசாரணை கேட்பது ஒருவரின் உரிமை என்றால், தோற்றால் பில் வரும் என்ற பயத்தில் அதைக் கேட்காமல் இருப்பவர்களும் இருப்பார்கள் இல்லையா? ஜூரர்கள் பக்கம் நின்று பார்த்தாலும் சரிப்படாது. நாம் தின்ற சோற்றுக்கு அந்த ஆள்தான் காசு கட்டப் போகிறான் என்ற நினைப்போடு தீர்ப்பு எழுத உட்காரக் கூடாது.

நடைமுறையில் அந்தச் சாப்பாடு எப்படி வருகிறது என்று கேட்டால், சுவாரசியமே இல்லாத விஷயம். காலையில் ஒரு சேவகர் மெனுத் தாளோடு வருவார். யாருக்குச் சைவம், யாருக்குச் சர்க்கரை வியாதி, யாருக்கு நிலக்கடலை ஆகாது என்று குறித்துக்கொண்டு போவார். மதியம் பொட்டலங்கள் வரும், பில் நீதிமன்ற அலுவலகத்துக்குப் போகும். ஓட்டலில் தங்கவைத்திருந்தால் பொதுச் சாப்பாட்டு ஹாலில் விடாமல் தனி அறையில் பரிமாறுவார்கள்.

இங்கிலாந்தில் அந்தச் சேவகர் இந்த வேலைக்கு முன்னால் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். ஜூரியைத் தனியான, வசதியான இடத்தில் வைத்திருப்பேன், யாரையும் அவர்களோடு பேச விடமாட்டேன், நானும் வழக்கைப் பற்றி அவர்களோடு பேசமாட்டேன், ஒரே முடிவுக்கு வந்துவிட்டீர்களா என்று கேட்பதைத் தவிர. அந்த உறுதிமொழிப்படி, கோழி சாண்ட்விச்சா முட்டை சாண்ட்விச்சா என்று அவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.